காட்டுக்கோழியின் கழுத்தும் பாரையின் வயிறும்

ஐயா, வணக்கம்.

நான் தொண்டிக்காரன். ஊட்டியில் வேலை பார்த்த காலத்தில் ட்ரௌட் மீனுக்கு ஃப்ளை கட்டும் பழக்கம் ஒரு பெரியவர் மூலம் தொற்றிக்கொண்டது. தூண்டில் முள்ளில் இறகும் நூலும் ரோமமும் சுற்றி, மீன் தின்னும் பூச்சியைப் போலச் செய்வது. இப்போது மாற்றலாகிச் சொந்த ஊருக்கே வந்துவிட்டேன். இங்கே ட்ரௌட்டுக்கு எங்கே போவது? ஆனாலும் ராத்திரி உட்கார்ந்து கட்டாவிட்டால் தூக்கம் வருவதில்லை. "நாலு எட்டு வச்சா கடலு, இவன் கோழி மயிரக் கட்டிக்கிட்டுக் கெடக்கான்" என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். இப்போது கண்ணாடிச் சட்டத்துக்குள் வைக்கிற பழைய காலத்து சால்மன் ஃப்ளைகளில் இறங்கியிருக்கிறேன். அதற்குக் காட்டுக்கோழியின் கழுத்து இறகு வேண்டும். ஒருவர் கூரியரில் அனுப்புவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? மீனே இல்லாத ஊரில் இந்தப் பொழுதுபோக்கைத் தொடர்வதில் அர்த்தம் உண்டா? கட்டும்போது முள்ளைப் பிடித்துக்கொள்ளும் வைஸ் எது வாங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம்.
தொண்டி

அன்புள்ள தம்பி,

வாங்காதீர்கள். நம் சாம்பல் காட்டுக்கோழி 1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிற பறவை. அந்தக் கழுத்துத் தோல் உங்கள் மேசைக்கு வர வேண்டுமென்றால் மேற்குத் தொடர்ச்சி மலையில் யாரோ கண்ணி வைத்து ஒரு சேவலைக் கொன்றிருக்க வேண்டும். வெளிநாடுகளில் இதை வளர்த்து இறகு எடுக்கிறார்கள். அதைக் காட்டி "எல்லாம் வளர்ப்புதான் சார்" என்று அந்த ஆள் சொல்வார். நம்பினால் முட்டாள்தனம். நம்பியதுபோல நடித்துக்கொண்டு வாங்கினால் அதைவிட மோசம்.

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. இந்த இறகுப் பித்தைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன், அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்து மாட்டிக்கொண்டது. 2009-இல் இங்கிலாந்தில் ட்ரிங் என்ற ஊரின் அருங்காட்சியகத்திலிருந்து 299 பறவைகளின் பதப்படுத்திய உடல்களை ஒரு இளைஞர் திருடினார். புல்லாங்குழல் படிக்கிற மாணவர், ஃப்ளை கட்டுவதில் பெரிய கைகாரர். இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் காடு காடாக அலைந்து சேகரித்த பறவைகள் அதில் இருந்தன. எந்தத் தேதியில், எந்த இடத்தில் பிடித்தது என்ற சீட்டு காலில் கட்டியிருக்கும். சீட்டை அறுத்துவிட்டால் ஆராய்ச்சிக்காரர்களுக்கு அந்த உடலால் பயனில்லை. பலவற்றில் அறுத்துவிட்டார்கள். உங்களைப் போல ராத்திரி தூக்கம் வராமல் கட்டிக்கொண்டிருந்த பையன்தான் அவரும்.

இத்தனையும் எதற்காக? விக்டோரியா ராணி காலத்துக் கனவான்கள் ஆளுகிற நாடுகளிலிருந்தெல்லாம் இறகு வரவழைத்து, ஒரே முள்ளில் பத்துப் பன்னிரண்டு பறவைகளைக் கட்டினார்கள். ஆற்றுக்குள் ஏறி வருகிற அட்லாண்டிக் சால்மனோ இரை தேடுவதையே நிறுத்திவிட்ட மீன். அது ஏன் ஃப்ளையைக் கடிக்கிறது என்பதற்கு இன்றுவரை எல்லோரும் ஒப்புக்கொண்ட பதில் இல்லை. பசிக்காத மீனுக்கு அவ்வளவு அலங்காரம். அந்த அலங்காரம் பக்கத்து மேசைக்காரர் பார்த்துப் பொறாமைப்பட என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வெறும் கோழியிறகும் ரோமமும் சாயம் போட்டுக் கட்டினாலும் சால்மன் எடுக்கும், எடுத்திருக்கிறது.

இதற்கு நேர் எதிராக இன்னொன்றைப் பாருங்கள். ஃப்ளையைப் பற்றிக் கிடைக்கிற மிகப் பழைய குறிப்பு ஏலியன் என்ற ரோமானிய எழுத்தாளர் எழுதியது, 1800 வருடத்துக்கு முந்தையது. மாசிடோனியாவில் ஒரு ஆறு, அதில் உடம்பெல்லாம் புள்ளியுள்ள மீன்கள். தண்ணீர்மேல் பறக்கும் ஒரு ஈயை அவை பிடித்துத் தின்னும். அந்த ஈயைக் கையில் பிடித்தாலே நிறம் கெட்டு, இறக்கை உதிர்ந்துபோகும், இரையாகக் குத்த முடியாது. அதனால் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே முளைக்கும் மெழுகு நிற இறகு இரண்டைச் சேர்த்துக் கட்டினார்கள். அவ்வளவுதான் சரக்கு. வீட்டுக் கம்பளி, வீட்டுச் சேவல். ஆனால் அந்த ஈ தண்ணீர்மேல் எப்படி இரை தேடும், மீன் எப்படி அடியிலிருந்து மெல்ல மேலேறி வந்து கவ்வும் என்பதெல்லாம் அந்தக் குறிப்பில் இருக்கிறது. முதலில் பார்த்தவர்கள், பிறகு கட்டியவர்கள்.

உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் இறகுப் பெயர்களே ஒரு பக்கத்துக்கு வருகின்றன. தொண்டிக் கடலில் எந்த மீன் எதைத் தின்கிறது என்று ஒரு வரி இல்லை. கடற்கரையில் பிறந்த பிள்ளை நீங்கள்!

என் பெரியப்பா நம்புதாளைக்காரர், உங்களுக்குப் பக்கத்து ஊர். பாய் விரித்து வள்ளம் ஓடும்போது பின்னால் தங்கூசியில், அதாவது தூண்டில் நரம்பில், ஒரு முள்ளை இழுத்துக்கொண்டே போவார். முள்ளில் இரை கிடையாது. வெள்ளைச் சேவலின் இறகும், உரச்சாக்கிலிருந்து உருவிய நாரும் சேர்த்துக் கட்டியிருப்பார். பாரை விழும், சில நாள் வஞ்சிரமும் விழும். வீட்டுச் சேவலுக்கு வால் தங்காது. "தெருவே சிரிக்குது, இது சேவலா பெட்டையா?" என்று பெரியம்மா கத்துவார். மீனைக் கரைக்குக் கொண்டுவந்ததும் பெரியப்பா முதலில் செய்கிற வேலை வயிற்றைக் கீறுவது. விற்கிற மீனானாலும் ஒன்றையாவது கீறிவிடுவார், வள்ள முதலாளியான சம்மாட்டி முறைத்தாலும் சரி. "இவன் என்னத்தத் தின்னுட்டு வந்தான்னு பாரு" என்று என்னைக் கூப்பிடுவார். உள்ளே அரைகுறையாகச் செரித்த நெத்திலி இருக்கும், இல்லாவிட்டால் சூடை, எப்போதாவது விரல் நீளக் கணவாய்க் குஞ்சு. அதை எடுத்து முள்ளின் மேல் வைத்து அளந்து, இறகை அந்த நீளத்துக்கு நறுக்குவார். வாடைக் காற்றில் நம் பக்கத்துப் பெண்கடல் (பாக் விரிகுடா) கலங்கிப்போகும்போது நாரைக் கூடுதலாகச் சேர்த்துத் தடிமனாகக் கட்டுவார், தெளிந்த தண்ணீருக்கு நாலே இழை. அந்த நாற்றம் பிடித்த வேலையை நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன்.

பிற்பாடு ஃப்ளை பற்றி வாசிக்கும்போது பார்த்தால், ட்ரௌட் ஆட்களும் இதையேதான் சொல்கிறார்கள்: முதலில் அளவு, அடுத்து வடிவம், நிறம் கடைசியில். பிடித்த ட்ரௌட்டின் வயிற்றைப் பார்ப்பது அவர்களிடமும் பழைய வழக்கம். 1950களின் கடைசியில் அமெரிக்காவில் செசபீக் விரிகுடாவில் லெஃப்டி கிரே என்பவர் கடல்மீனுக்கு ஒரு ஃப்ளை அமைத்தார், 'டிசீவர்' என்று பெயர். சேவல் இறகும் மான்வால் ரோமமும்தான். வீசும்போது இறகு முள்ளைச் சுற்றிக்கொள்ளாமல் இருக்க, அதை முள்ளின் பின்பக்கத்தில் கொண்டுபோய்க் கட்டினார். இதே தொல்லைக்குப் பெரியப்பா இறகைக் குட்டையாக்கிப் பார்த்தார், நாரை மெழுகு தேய்த்து விறைப்பாக்கிப் பார்த்தார். கிரேவின் வழிதான் மேல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு பேர் கையிலும் இருந்தது கோழி இறகு.

ஆகவே 'மீனே இல்லாத ஊர்' என்று நீங்கள் எழுதியதைப் படித்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஊட்டி ட்ரௌட்டே வெள்ளைக்காரர்கள் முட்டையாகக் கொண்டுவந்து அவலாஞ்சியில் பொரிக்கவைத்த மீன். குளிர்ந்த தண்ணீரை விட்டு இறங்காது. உங்கள் வாசலில் கிடப்பது பாரை, கழிமுகத்தில் கொடுவா. மடவைக் குஞ்சுக் கூட்டத்தைப் பாரை விரட்டும்போது தண்ணீர் வெடிக்குமே, பார்த்ததில்லையா? அதற்குக் கட்டுங்கள். உங்கள் ட்ரௌட் முள் உப்புத் தண்ணீரில் துருப்பிடித்துப்போகும், துருப்பிடிக்காத எஃகு முள் வாங்குங்கள். நம் பக்கம் அடியில் கடற்புல் அதிகம். முள்ளின் தண்டில் ஈயக் கண் வைத்துக் கட்டுகிற க்ளௌசர் வகை நமக்கு நல்லது, கனம் தாங்காமல் முள் தலைகீழாகப் புரண்டு நுனி மேலே பார்த்து வரும், புல்லில் அவ்வளவாகச் சிக்காது. தெற்கே மன்னார் வளைகுடா போனால் அந்த 21 தீவுகளின் பக்கம் தூண்டிலோடு போய்விடாதீர்கள், அது தேசியப் பூங்கா.

இறகுக்கு நாட்டுச் சேவல் போதும். ஒரு காலத்தில் உலகம் முழுக்க ஃப்ளை கட்டியவர்கள் மலிவாக வாங்கியது இந்தியச் சேவலின் கழுத்துத் தோலைத்தான். பளபளப்பு வேண்டுமென்றால் கருவேலங்காட்டில் மயில் உதிர்த்த தோகையைப் பொறுக்கிக்கொள்ளுங்கள், தானாக உதிர்ந்ததற்கு அந்தச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. பிடுங்கியதை யார் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

பொழுதுபோக்குக்கு அர்த்தம் உண்டா என்ற கேள்வியை விடுங்கள். சீட்டாடுகிறவர்கள் யாரும் இப்படிக் கேட்டுக் கடிதம் எழுதுவதில்லை. அம்மா சொல்வதற்கும் நான் நடுவில் வரமாட்டேன். அவர் மீன் ஆயும்போது குடலை எறியவிடாமல் வாங்கிப் பாருங்கள், அப்புறம் இன்னும் நன்றாகத் திட்டுவார்.

வைஸ் கேட்டிருந்தீர்கள். முள்ளை நழுவாமல் பிடிப்பது எதுவானாலும் சரி. கடல் முள் தடிமன், உங்களிடம் இருப்பதன் தாடை அதற்குத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புதிது வாங்குங்கள்.

அடுத்த கடிதத்தில் இறகுப் பட்டியல் வந்தால் பதில் போடமாட்டேன். எந்த மாதம், எந்த மீனின் வயிற்றில் என்ன கிடந்தது, எவ்வளவு நீளம் என்று எழுதுங்கள், உட்கார்ந்து பேசுவோம்.

அன்புடன்