புரோபோலிஸ் எல்லாம் ஒன்றா?

கேள்வி: இரண்டு பெட்டிகளில் இந்தியத் தேனீ வளர்த்து வருகிறேன். தொண்டைப் புண்ணுக்கு நல்லது என்று உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து புரோபோலிஸ் சொட்டு மருந்து வாங்கி வந்தார். அதை நம்பிக் குடிக்கலாமா? என் பெட்டிகளிலிருந்தும் அதை எடுக்க முடியுமா?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: மர மொட்டுகளிலும் பட்டைக் கீறல்களிலும் கசியும் பிசினைத் தேனீ கடித்தெடுத்து, மகரந்தம் சுமக்கும் பின்கால் கூடையிலேயே ஒட்டிக்கொண்டு வந்து, மெழுகு கலந்து கூட்டின் இடுக்குகளில் பூசுவதுதான் புரோபோலிஸ். அந்தச் சுமையைத் தானாக இறக்க அதனால் முடியாது. இன்னொரு தேனீ வந்து கடித்து இழுத்தாக வேண்டும். கூட்டுக்குள் புகுந்து கொட்டுப்பட்டுச் செத்த சுண்டெலியை வெளியேற்ற வலுவில்லாதபோது, அழுகி நாறாதபடி அதன் உடல் முழுவதும் இதையே பூசி மூடிவிடுவதும் உண்டு.

நுண்ணுயிர்களைத் தடுக்கும் ஆற்றல் பெரும்பாலும் அந்தந்த மரத்திலிருந்து வருவதால், ஊருக்கு ஊர் புரோபோலிஸ் மாறுகிறது. ஐரோப்பியச் சரக்கு பெரும்பாலும் பாப்ளர் என்னும் மரத்தின் மொட்டிலிருந்து வருவது. பினோசெம்பிரின், கலாஞ்சின் முதலிய ஃபிளேவனாய்டுகள் (ஒருவகைத் தாவர வேதிப்பொருள்கள்) அதில் மிகுதி. பிரேசிலின் பச்சைப் புரோபோலிஸோ பாக்காரிஸ் என்னும் புதர்ச்செடியிலிருந்து கிடைப்பது. அதன் முக்கியப் பொருள் ஆர்ட்டிபிலின்-சி. எனவே ஒன்றில் கண்ட பலனை மற்றொன்றின் புட்டியில் எழுதி விற்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற கிராம்-பாசிட்டிவ் (கிராம் சாயச் சோதனையில் ஊதா நிறம் ஏற்கும்) பாக்டீரியாக்களைப் புரோபோலிஸ் நன்றாகவே அடக்குகிறது, ஈ.கோலை போன்ற கிராம்-நெகட்டிவ் வகைகளிடம் அவ்வளவாகப் பலிப்பதில்லை. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளில், உதட்டில் வரும் ஹெர்பீஸ் கொப்புளத்திலும் வாய்ப்புண்ணிலும் மேலே பூசியபோது ஓரளவு குணம் தெரிந்திருக்கிறது. ஆனால் அவற்றில் பல சிறிய ஆய்வுகளே.

உங்கள் புட்டியில் இருப்பது ஆல்கஹாலில் கரைத்த சாறாக இருக்கலாம், சீட்டைப் பாருங்கள். தேனீப் பொருள்களால் ஒவ்வாமை உள்ளவர்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் இதைத் தொடாமலிருப்பதே நல்லது. வாய் எரிந்தாலோ தோல் தடித்தாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். காய்ச்சலோடு வரும் தொண்டை வலிக்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

உங்கள் பெட்டிகளில் இது கிடைக்காது. இந்தியத் தேனீ புரோபோலிஸ் சேர்ப்பதில்லை. சேர்ப்பது இத்தாலியத் தேனீ. அதை வளர்ப்பவர்கள் மூடிக்கு அடியில் பிளாஸ்டிக் வலையை விரித்து வைப்பார்கள். தேனீக்கள் வலைக் கண்களைப் பிசினால் அடைத்த பின் அதைக் குளிர்பெட்டியில் வைத்து எடுத்து மடக்கினால், பிசின் நொறுங்கி உதிர்ந்துவிடும். நம் ஊர்ச் சுவர்ப் பொந்துகளில் குடியிருக்கும் கொசுத் தேனீயும் பிசினை ஏராளமாகச் சேர்க்கும். ஆனால் அது வேறு மரங்களின் பிசின் என்பதால், பாப்ளர் சரக்கின் பலனை அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.