மாக்னா கார்ட்டாவும் 21-ஆவது பிரிவும்: உறவு உண்டா?

கேள்வி: சட்டக் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறேன். உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கும், இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு மாக்னா கார்ட்டாவிலிருந்து நேராக வந்தது என்று கருத்தரங்கக் கட்டுரையில் எழுதியிருக்கிறேன். நேர்முகத்தில் கேட்டால் எப்படி நிறுவுவது?

பதில்: ‘நேராக’ என்பதை முதலில் அடித்துவிடுங்கள். உறவு உண்டு. ஆனால், நடுவில் ஒருமுறை நாமே அதை வேண்டுமென்றே அறுத்திருக்கிறோம். கட்டுரைக்குச் சுவை சேர்ப்பதே அந்த இடம்தான்.

1215 ஜூன் 15 அன்று, தேம்ஸ் கரையில் ரன்னிமீட் புல்வெளியில், வரிச்சுமையாலும் போர்த் தோல்வியாலும் வெறுப்புற்ற பிரபுக்கள் இங்கிலாந்து மன்னர் ஜானை நெருக்கி வாங்கிய உடன்படிக்கைதான் மாக்னா கார்ட்டா. கையெழுத்திட்டார் என்று எழுதாதீர்கள், முத்திரைதான் இடப்பட்டது. அதன் 63 கூறுகளில் ஒன்று, ஆற்றில் மீன்பிடிக்கக் கட்டிய தடுப்புகளை அகற்றச் சொல்கிறது. இன்னொன்று, கணவன் கொலையுண்டால் தவிர, வேறு எவர் சாவுக்காகவும் ஒரு பெண் சாட்டும் குற்றத்தை வைத்து யாரையும் கைதுசெய்யக் கூடாது என்கிறது. சமத்துவ சாசனம் என்று மேடையில் முழங்குபவர்கள் இந்தக் கூறு வரை படித்திருப்பார்களா என்பது சந்தேகமே. பத்தே வாரங்களில் போப் மூன்றாம் இன்னொசென்ட் அதைச் செல்லாது என்று அறிவித்தார். மறு ஆண்டு ஜான் இறந்தபின் திருத்தித் திருத்தி மறுபடியும் வெளியிட்டதால்தான் அது பிழைத்தது.

உங்களுக்கு வேண்டியது 39-ஆவது கூறு. சுதந்திர மனிதன் எவனையும், அவனுக்கு நிகரானவர்களின் சட்டப்படியான தீர்ப்போ நாட்டின் சட்டமோ இன்றிப் பிடிக்கவோ சிறையிடவோ கூடாது என்பது அதன் சாரம். பண்ணையடிமைகள் இந்தப் பாதுகாப்புக்குள் வரவில்லை. 1354-ஆம் ஆண்டுச் சட்டம்தான் எந்த நிலையில் உள்ளவரானாலும் என்று அதை விரித்தது. ‘உரிய சட்ட நடைமுறை’ என்ற தொடரும் அதில்தான் வருகிறது. பிரபுக்களின் ஒப்பந்தத்தைக் குடிமக்களின் உரிமையாக மாற்றிய பெருமையை நான் ஆங்கிலேயச் சட்ட அறிஞர் எட்வர்ட் கோக்குக்கே கொடுப்பேன். ஸ்டூவர்ட் மன்னர்களை எதிர்த்து அவர் அந்தப் பழைய பட்டயத்தை ஆயுதமாக எடுத்து வீசினார். 1628-இல், மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கேட்டு நாடாளுமன்றம் கொடுத்த உரிமை மனு வந்தது. 1791-இல் ‘உரிய சட்ட நடைமுறை’ என்ற அதே தொடர் அமெரிக்க அரசமைப்பின் ஐந்தாவது திருத்தத்தில் ஏறியது.

நம் அரசமைப்பு வரைவிலும் முதலில் அந்தத் தொடர் இருந்தது. அரசமைப்பு நிர்ணய சபையின் ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா சென்று, அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்தார். சட்டமன்றத்தின் கையை நீதிபதிகள் கட்டிப்போட அது வழிசெய்யும் என்றார் ஃபிராங்க்ஃபர்ட்டர். வரைவுக் குழு அதை நீக்கி, ஜப்பானிய அரசமைப்பை முன்மாதிரியாகக் கொண்டு ‘சட்டம் நிறுவிய நடைமுறை’ என்று வைத்தது. அந்த இழப்பை ஈடுகட்டவே, கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தச் சொல்லும் 22-ஆவது பிரிவை அம்பேத்கர் கொண்டுவந்தார்.

விளைவு உடனே தெரிந்தது. சென்னை மாகாண அரசு தடுப்புக் காவலில் வைத்திருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் வழக்கில், சட்டமன்றம் இயற்றிய நடைமுறை இருந்தாலே போதும் என்று 1950-இல் உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை சொல்லிவிட்டது. காரணம் சொல்லாமல் அரசு தன் பாஸ்போர்ட்டை முடக்கியதை எதிர்த்து மேனகா காந்தி தொடுத்த வழக்கில்தான், 1978-இல், அந்த நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று தீர்ப்பானது. வாசலில் விடாத விருந்தாளி ஜன்னல் வழியே உள்ளே வந்துவிட்டார்.

ஆகவே கோபாலன் வழக்கில் தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். அதில் நீதிபதி ஃபசல் அலி எழுதிய மாறுபட்ட தீர்ப்பை முழுதாகப் படித்துவிடுங்கள். அடுத்த கேள்வி அங்கிருந்துதான் வரும்.