கடைசி வரியில் ஐந்து சிக்னல்: ரூட்டர் சீரியல் போர்ட் கேள்வி பதில்

லீஸ்டு லைன் (வாடகைக்கு எடுத்த தனித் தொடர்பு வழி) பராமரிப்பில் இருக்கும் நண்பர்களும், நெட்வொர்க் படிக்கும் தம்பி தங்கைகளும், ரூட்டரை மோடத்தோடு இணைக்கும் சீரியல் போர்ட்டைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எல்லாமே சிஸ்கோ ரூட்டரை வைத்துக் கேட்டவை. 'ஷோ இன்டர்ஃபேசஸ் சீரியல்' கொடுத்தால் கடைசி வரியில் டிசிடி (எதிர்முனையின் கேரியர் அலை வருகிறது), டிஎஸ்ஆர் (மோடம் தயார்), டிடிஆர் (ரூட்டர் தயார்), ஆர்டிஎஸ் (அனுப்பலாமா), சிடிஎஸ் (அனுப்பலாம்) என்று ஐந்து சிக்னல்களும் அப்-ஆ டவுன்-ஆ என்று வரும். பலர் அந்த வரி வரைக்கும் படிப்பதே இல்லை. ஆனால் பழுது கேபிளுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதற்கு முதல் சாட்சி அதுதான்.

கேள்வி: சார், எங்கள் கிளையின் 64 கேபிபிஎஸ் லைன் காலையிலிருந்து செத்துக் கிடக்கிறது. சீரியல் டவுன், லைன் புரோட்டோகால் (இரு முனைகளும் பேசிக்கொள்ளும் முறை) டவுன். டிசிடி மட்டும் டவுன், மற்ற நான்கும் அப். லைன்காரர் வந்து பார்த்துவிட்டு, "லைன் சரியாக இருக்கிறது, ரூட்டரை மாற்றுங்கள்" என்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம், ரூட்டரைத் தொடாதீர்கள். ஐந்து சிக்னலில் எதை யார் கொடுக்கிறார்கள் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ரூட்டர் டிடிஇ ஆக, அதாவது மோடத்தைப் பயன்படுத்தும் பக்கமாக இருக்கும்போது டிடிஆரும் ஆர்டிஎஸ்ஸும் நம் ரூட்டர் கொடுப்பவை. "நான் தயார்", "அனுப்பலாமா" என்று அது மோடத்திடம் சொல்கிறது. டிஎஸ்ஆர், சிடிஎஸ், டிசிடி மூன்றும் மோடம் நமக்குச் சொல்பவை.

உங்கள் கேஸில் டிஎஸ்ஆர் அப். அப்படியென்றால் மோடத்துக்குக் கரண்ட் இருக்கிறது, கேபிளும் மாட்டியிருக்கிறது. டிசிடி டவுன் என்றால், எதிர்முனை மோடத்தின் கேரியர் இந்த மோடத்துக்கு வந்து சேரவில்லை என்று பொருள். அந்தச் செய்தியை ரூட்டர் உங்களிடம் வாசித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

லைன்காரரிடம் வாக்குவாதம் செய்ய வேண்டியதில்லை, ஒரு லூப் (அனுப்பியதையே திரும்பி வரச் செய்வது) போட்டுக் காட்டுங்கள். மோடத்தில் லோக்கல் அனலாக் லூப் பட்டனை அழுத்துங்கள். பெரும்பாலான மோடங்களில் உடனே டிசிடி அப் ஆகிவிடும். போர்ட்டில் எச்டிஎல்சி என்கேப்சுலேஷன் (டேட்டாவைப் பொதிந்து அனுப்பும் முறை) இருந்தால் லைன் புரோட்டோகால் அப், பக்கத்தில் 'லூப்டு' என்றும் வரும். அப்படி வந்தால் ரூட்டர், கேபிள், உங்கள் பக்கத்து மோடம் மூன்றும் நலம். பிபிபி (இன்னொரு பொதியும் முறை) ஓடும் லைனாக இருந்தால் சோதனை முடியும்வரை எச்டிஎல்சிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். லூப்பில் தன் மேஜிக் நம்பரே (தன்னை அடையாளம் காட்ட அனுப்பும் எண்) திரும்பி வருவதைப் பார்த்து பிபிபி மேலே வர மறுக்கும். அதைப் பார்த்து போர்ட் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டியவர்கள் உண்டு.

எத்தனை நல்ல ரூட்டர்களைக் கழற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, ராத்திரி பஸ்ஸில் தலைமை அலுவலகத்துக்குத் தூக்கிப்போனார்கள் என்று எனக்குத் தெரியும். இந்த ஒரு வரியைப் படித்திருந்தால் அந்த அலைச்சல் இருந்திருக்காது.

கேள்வி: ஐந்துமே டவுன் என்று காட்டினால்? டிடிஆர் நாம் கொடுப்பது என்றால் அது எப்படி டவுன் ஆகும்?

பதில்: முதலில் போர்ட் 'ஷட்டவுன்' ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஷட்டில் இருந்தால் ரூட்டர் டிடிஆரையும் ஆர்டிஎஸ்ஸையும் இறக்கிவிடும். அது இல்லையென்றால் 'ஷோ கன்ட்ரோலர்ஸ் சீரியல்' கொடுத்துப் பாருங்கள். கேபிளே இல்லையென்றால் அங்கே தெரிந்துவிடும். அதே இடத்தில் கேபிள் டிடிஇயா டிசிஇயா (மோடத்தின் இடத்தில் இருக்கும் பக்கமா) என்பதும் தெரியும், அதைக் கட்டாயம் கவனியுங்கள். டிசிஇ கேபிள் மாட்டியிருந்தால் கணக்கு அப்படியே தலைகீழாகிவிடும். டிஎஸ்ஆர், சிடிஎஸ், டிசிடியை நாம் கொடுக்கிறோம். டிடிஆரும் ஆர்டிஎஸ்ஸும் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகின்றன. அப்போது டிடிஆர் டவுன் என்றால் எதிரில் இருக்கும் ரூட்டர் அணைந்திருக்கிறது அல்லது அதன் போர்ட் ஷட்டில் இருக்கிறது. போர்ட் எந்தப் பக்கம் என்பதைத் தீர்மானிப்பது கேபிள், கான்ஃபிக் அல்ல.

கேள்வி: அண்ணா, சிசிஎன்ஏ (சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழ்) லேபில் இரண்டு ரூட்டரை நேருக்கு நேர் இணைத்தேன். ஐந்து சிக்னலும் அப், ஆனால் லைன் புரோட்டோகால் டவுன்.

பதில்: கிளாக் தம்பி, அதாவது பிட்டுகளுக்குத் தாளம் கொடுக்கும் சிக்னல். டிசிஇ கேபிள் மாட்டிய ரூட்டரில் 'கிளாக் ரேட் 64000' கொடுத்தாயா? கொடுத்திருந்தால் இரண்டு பக்கமும் என்கேப்சுலேஷன் ஒன்றுதானா என்று பார். டிடிஇ பக்கத்தில் 'ஷோ கன்ட்ரோலர்ஸ்' கொடுத்தால் கிளாக் வருகிறதா நின்றுவிட்டதா என்று அதுவே சொல்லும்.

கேள்வி: எங்கள் மோடத்தின் முகப்பில் டிசிடி என்று எந்த விளக்கும் இல்லை. 103, 104, 105, 106, 107, 109 என்று எண்கள்தான் இருக்கின்றன. எது எது?

பதில்: நல்ல கேள்வி. அவை ஐடியு-டியின் (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் தரநிலைப் பிரிவு) வி.24 பரிந்துரையில் ஒவ்வொரு கம்பிக்கும் கொடுத்த சர்க்யூட் எண்கள். 103 அனுப்பும் டேட்டா, 104 வரும் டேட்டா, 105 ஆர்டிஎஸ், 106 சிடிஎஸ், 107 டிஎஸ்ஆர், 108 டிடிஆர், 109 டிசிடி. ஒரு சீட்டில் எழுதி மோடத்தின் மேல் ஒட்டிவிடுங்கள். ஃபோனில் கிளை ஊழியரிடம் "109 எரிகிறதா அம்மா?" என்று கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கேள்வி: ஐயா, எங்கள் லைன் முழுவதுமாகப் போவதில்லை. ஆனால் தினமும் சில முறை விழுந்து எழுகிறது. 'கேரியர் டிரான்சிஷன்ஸ்' எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. லைன் பழுதா, மோடம் பழுதா?

பதில்: கேரியர் சிக்னல் எத்தனை முறை நிலை மாறியது என்பதன் எண்ணிக்கை அது; ஒருமுறை விழுந்து எழுந்தால் இரண்டு ஏறும். 'கிளியர் கவுன்ட்டர்ஸ்' கொடுத்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். எண்ணிக்கையை விட, விழும் நேரம் முக்கியம். லாகில் டைம்ஸ்டாம்ப் சரியாக வருகிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள்.

ஆனால் இன்டர்ஃபேஸ் விழுந்தது என்று மட்டும்தான் லாக் சொல்லும். எந்தச் சிக்னல் விழுந்தது என்று சொல்லாது. அதை விழும் அந்த நேரத்தில் பிடிக்க வேண்டும். டிசிடி மட்டும் விழுந்து டிஎஸ்ஆர் நின்றால் லைன் பக்கம். டிசிடியோடு டிஎஸ்ஆரும் சேர்ந்து விழுந்தால் மோடத்தின் பவர், அல்லது ரூட்டரையும் மோடத்தையும் இணைக்கும் வி.35 கேபிள்.

நான் பார்த்த ஒரு கிளையில் தினமும் மாலை ஆறு மணியை ஒட்டி லைன் விழும், ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக வந்துவிடும். லைன் பழுது என்று இரண்டு மாதம் புகார் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் ஐந்தரைக்கே போய் ரூட்டர் முன்னால் உட்கார்ந்து, அதே கட்டளையைத் திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆறு ஐந்துக்கு டிசிடி, டிஎஸ்ஆர், சிடிஎஸ் மூன்றும் ஒன்றாக டவுன். மோடத்தைத் திரும்பிப் பார்த்தால் எல்லா விளக்கும் அணைந்து, ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியது. அது ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தது. மோடத்தின் வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அது யுபிஎஸ்ஸுக்குப் போகாமல் ஜன்னலோரத்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியிருந்தது. அதே பாக்ஸிலிருந்து வாசல் போர்டு லைட்டுக்கும் வயர் போயிருந்தது. காவலாளி ஆறு மணிக்கு சுவிட்சைப் போடுவார், வோல்டேஜ் ஒரு துள்ளு துள்ளும், ரூட்டர் யுபிஎஸ்ஸில் நிம்மதியாக நிற்கும், மோடம் மட்டும் விழும். பிளக்கை யுபிஎஸ்ஸுக்கு மாற்றியதோடு பிரச்சினை தீர்ந்தது.

இன்னொன்று, கனெக்டரின் இரண்டு ஸ்குருவையும் கையால் முறுக்கிப் பாருங்கள். வி.35 கனெக்டர் கனமானது. ஸ்குரு போடாமல் தொங்கவிட்டால் தன் எடையிலேயே மெல்ல வெளியே வந்துவிடும்.

கேள்வி: மல்டிமீட்டரால் இந்தச் சிக்னல்களை அளக்க முடியுமா?

பதில்: முடியும், செய்து பழகுங்கள். வி.35-இல் டேட்டாவும் கிளாக்கும் ஜோடிக் கம்பியில் போகின்றன. அவை மல்டிமீட்டருக்கு அகப்படாது. கன்ட்ரோல் சிக்னல்கள் அப்படியல்ல. ஆர்எஸ்-232 போலவே ஒற்றைக் கம்பி, கிரவுண்டை வைத்து அளக்கலாம்.

34 பின் கனெக்டரில் பின்களுக்கு எண் இல்லை, ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். பி என்பது சிக்னல் கிரவுண்டு. சி ஆர்டிஎஸ், டி சிடிஎஸ், இ டிஎஸ்ஆர், எஃப் டிசிடி, எச் டிடிஆர். எழுத்து பொடியாக இருக்கும், டார்ச் அடித்துப் பாருங்கள். கேபிளைக் கழற்றி, மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பி-யில் வையுங்கள். மோடம் பக்கத்தில் சிவப்பு முனையை டி, இ, எஃப் என்று ஒவ்வொன்றாகத் தொடுங்கள். ரூட்டரிலிருந்து வரும் கேபிளின் முனையில் சி-யையும் எச்-ஐயும் தொடுங்கள்.

+3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் ஆன். -3 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் ஆஃப். சரி, பூஜ்யத்தை ஒட்டி ஆடிக்கொண்டிருந்தால்? அந்தக் கம்பியில் யாரும் பேசவில்லை என்று அர்த்தம். கம்பி அறுந்திருக்கலாம், பின் உள்ளே போயிருக்கலாம், அந்தப் பக்கத்துக் கருவியே அணைந்திருக்கலாம். ரூட்டரின் திரையில் -9 வோல்ட்டும் டவுன்தான், அறுந்த கம்பியும் டவுன்தான். மோடம் "கேரியர் இல்லை" என்று தெளிவாகச் சொல்வதும், மோடத்தின் குரலே நமக்கு வந்து சேராததும் ஒன்றல்ல. அந்த வித்தியாசத்தை மீட்டர்தான் காட்டும்.

கேள்வி: டிசிடி வராத லைனில் 'இக்னோர் டிசிடி' போட்டால் போர்ட் அப் ஆகிவிடுகிறதே. அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: அந்தக் கட்டளை போட்டால் ரூட்டர் டிசிடிக்குப் பதிலாக டிஎஸ்ஆரைப் பார்த்து லைன் அப்-ஆ டவுன்-ஆ என்று முடிவு செய்யும். டிசிடியே கொடுக்காத கருவிகள் சில உண்டு. அவற்றுக்காக வைத்த வசதி அது. கேரியர் இல்லாத மோடத்தில் போட்டால் நோயை விட்டுவிட்டு தெர்மாமீட்டரை ஒளித்து வைத்த மாதிரி. பேக்கப் லைன் இருக்கும் கிளையில் இது ஆபத்தும்கூட. டிசிடி விழுந்தால் உடனே பேக்கப்புக்குத் திரும்ப வேண்டியது, இனி கீப்அலைவை (உயிரோடிருப்பதைச் சொல்லும் சிறு செய்தி) நம்பித்தான் இருக்கும். அது 10 நொடிக்கு ஒருமுறை போகும். மூன்று தவறினால்தான் லைன் புரோட்டோகால் விழும், ஆக ஏறக்குறைய அரை நிமிடம். யாராவது முன்பே 'நோ கீப்அலைவ்' போட்டு வைத்திருந்தால், செத்த லைனை உயிரோடிருப்பதாகக் காட்டிக்கொண்டே இருக்கும், பேக்கப் எழவே எழாது.

கேள்வி: சார், ரூட்டரின் துணை முனையான ஆக்ஸ் போர்ட்டில் ஒரு டயல்-அப் மோடம் மாட்டியிருக்கிறோம், அவசரத்துக்கு உள்ளே நுழைய. நேற்று டயல் செய்தபோது பாஸ்வேர்டே கேட்கவில்லை, நேராக எனேபிள் பிராம்ப்ட் (முழு அதிகாரம் உள்ள நிலை) வந்தது! பயந்துவிட்டேன்.

பதில்: பயப்பட வேண்டிய விஷயம்தான், இன்றைக்கே சரி செய்யுங்கள். உங்களுக்கு முன்னால் டயல் செய்தவர் லாக்அவுட் செய்யாமல் ஃபோனை வைத்திருக்கிறார். மோடம் கட் ஆனது ரூட்டருக்குத் தெரியவில்லை. அவர் விட்ட செஷனில் நீங்கள் போய் உட்கார்ந்துவிட்டீர்கள்.

ஆக்ஸ் போர்ட்டின் ஆர்ஜே-45-இல் டிசிடிக்கு என்று தனிப் பின் கிடையாது. மோடத்துக்கான அடாப்டர், மோடத்தின் 8ஆம் பின்னில் வரும் டிசிடியை ரூட்டரின் டிஎஸ்ஆர் பின்னுக்குக் கொண்டுபோகும். வேறு வகை அடாப்டரோ 6ஆம் பின்னை, அதாவது மோடத்தின் டிஎஸ்ஆரைக் கொண்டுபோகும். பல மோடங்கள் தங்கள் டிஎஸ்ஆரை எப்போதுமே ஆனில் வைத்திருக்கும். அடாப்டர் மாறினால் ரூட்டருக்கு அழைப்பு முடிந்ததே தெரியாது. அடாப்டரின் மேல் 'மோடம்' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் மோடத்தில் 'ஏடி&சி1' கொடுங்கள், டிசிடி உண்மையான கேரியரைப் பின்பற்றும். 'ஏடி&டி2' கொடுங்கள், ரூட்டர் டிடிஆரை இறக்கினால் மோடம் அழைப்பைத் துண்டிக்கும். இரண்டையும் மோடத்தின் மெமரியில் சேமியுங்கள். ரூட்டரில் அந்த லைனின் கீழ் 'மோடம் இன்அவுட்' இருக்க வேண்டும். 'எக்ஸெக்-டைம்அவுட்' 0 0 என்று யாராவது வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்; இயல்பான 10 நிமிடம் ஒரு பாதுகாப்பு. முடித்த பிறகு டயல் செய்து, உள்ளே போய், லாக்அவுட் செய்யாமல் ஃபோனை வைத்துவிட்டு, மறுபடி டயல் செய்யுங்கள். பாஸ்வேர்டு கேட்டால்தான் வேலை முடிந்தது.

கேள்வி: ஐந்தும் அப், லைன் புரோட்டோகாலும் அப். ஆனால் சிஆர்சி எரர் (டேட்டா சிதைந்ததைக் காட்டும் பிழை) ஏறுகிறது.

பதில்: கன்ட்ரோல் சிக்னல்கள் டேட்டாவின் தரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. மொத்த டிராஃபிக்கில் எரர் ஒரு சதவீதத்தைத் தாண்டினால் தேட ஆரம்பியுங்கள். கேபிள் நீளம், மோடத்தின் கிளாக் செட்டிங், லைனில் இரைச்சல் என்ற வரிசையில் பாருங்கள். நீளமான கேபிளில் வேகமும் அதிகம் என்றால் கிளாக்கும் டேட்டாவும் கட்டம் தவறிப் போகும். அப்போது 'இன்வர்ட் டிஎக்ஸ்கிளாக்' கைகொடுக்கக்கூடும்.

கேள்வி: புகார் பதியும்போது என்ன சொன்னால் வேலை சீக்கிரம் நடக்கும்? "லைன் டவுன்" என்றால் "ரூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்" என்கிறார்கள்.

பதில்: ஃபோன் செய்வதற்கு முன் ஐந்து நிமிடம் செலவிடுங்கள். சர்க்யூட் எண், விழுந்த நேரம், ஐந்து சிக்னலின் நிலை, லூப் சோதனையின் முடிவு, இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு இப்படிச் சொல்லுங்கள்: "காலை 9.40-க்கு விழுந்தது. டிடிஆர், ஆர்டிஎஸ், டிஎஸ்ஆர், சிடிஎஸ் அப், டிசிடி டவுன். மோடத்தில் லோக்கல் லூப் போட்டால் போர்ட் அப் ஆகிறது, லூப்டு என்று காட்டுகிறது. எதிர்முனையிலும் இதேதான். இரண்டு மோடத்துக்கும் இடையில் பாருங்கள்." எதிர்முனையில் யாராவது இருந்தால் அவர்களையும் லூப் போடச் சொல்லி உறுதி செய்த பிறகே அந்தக் கடைசி இரண்டு வரியைச் சொல்லுங்கள். புகார் எண்ணை அதே தாளில் எழுதி மோடத்தின் பக்கத்திலேயே வையுங்கள். ஷிஃப்ட் மாறி வருபவருக்கு உதவும்.