அலை உடையாத இடத்தில்தான் இழுப்பு இருக்கும்

கடலில் அலையே இல்லாத அமைதியான இடைவெளியில் இறங்கியும் தம்பியை உள்ளே இழுத்தது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த இடைவெளிதான் ரிப் கரண்ட், அதாவது கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம். இருபுறமும் மணல்திட்டில் உடைந்து கரையேறிய தண்ணீர், நடுவிலுள்ள ஆழமான வாய்க்கால் வழியாகக் கடலுக்குத் திரும்புகிறது. ஆழம் கூடுதல் என்பதால் அங்கே அலை உடைவதில்லை.

இனி இறங்கும் முன் மேடான இடத்தில் நின்று பத்து நிமிடம் பாருங்கள். நுரை வரிசையில் விரிசல், கருத்த அல்லது மணல் கலங்கிய பட்டை, பாசியும் நுரையும் கடல் பக்கம் நகர்வது: ஒன்று தெரிந்தாலும் அங்கே வேண்டாம். வாய்க்கால் இடம் மாறும், நேற்று பார்த்ததை நம்பாதீர்கள். உயிர்காப்பாளர்கள் சிவப்பு-மஞ்சள் கொடிகளை அவ்வப்போது மாற்றி நடுவதும் இதனால்தான். அந்தக் கொடிகளுக்கு நடுவே மட்டும் குளியுங்கள்.

மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தவே கூடாது. இழுப்பு நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டக்கூடும், தேர்ந்த நீச்சல்காரரும் தோற்பார். அது ஆளை அடியில் அமுக்காது. மல்லாந்து மிதந்து கையை உயர்த்துங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக, அலை உடையும் பக்கம் நீந்துங்கள். அந்தப் பக்கம் எதிர்த்துத் தள்ளினால் மறுபக்கம் திரும்புங்கள்.

ஒன்று மட்டும்: காப்பாற்ற வெறுங்கையோடு குதிக்காதீர்கள். அப்படிப் போனவர்களே பல நேரம் மூழ்குகிறார்கள். உயிர்காப்பாளரைக் கூப்பிட்டு, மிதக்கும் எதையாவது வீசுங்கள். மூடிய காலி கேன்கூடப் போதும்.