குழந்தைக்கு இருமல்னு போனா ஹோமியோபதி டாக்டர் ஏன் இவ்ளோ கேள்வி கேக்குறாரு, வீட்ல நாங்க எதை கவனிக்கணும்?

மூணு வயசு பையனுக்கு அடிக்கடி சளி, இருமல்னு எழுதிருக்கீங்க. என் பொண்ணுக்கும் சின்ன வயசுல இளைப்பு இருந்துச்சு, ஹோமியோபதி, குழந்தை டாக்டர் ரெண்டு பேர்கிட்டயும் காட்டிருக்கோம், அதனால சொல்றேன்.

அந்தக் கேள்வியிலதான் அவங்க வைத்தியமே இருக்கு. ஹோமியோபதிய உருவாக்கின ஹானிமன் 1810ல எழுதின ஆர்கனான்ங்கற புத்தகத்துலயே, நோயாளி சொல்றது, கூட இருக்கறவங்க பாத்தது, டாக்டர் தானே கவனிச்சது எல்லாத்தையும் எழுதி வைக்கணும்னு இருக்கு. குழந்தைக்கு சொல்லத் தெரியாது, அப்போ அம்மாவும் பாட்டியும் சொல்றதுதான் கேஸ். வறட்டு இருமலா, நெஞ்சுல சளி கரகரங்குதா, நடுராத்திரியில வருதா விடியக்காலையிலயா, தண்ணி கேக்குறானா, தூக்கி வெச்சுக்கோன்னு அழறானா இல்ல தொட்டாலே எரிஞ்சு விழறானா, இத வெச்சுதான் மருந்து மாறும். குளிர்காத்து பட்டு திடீர்னு வந்தா அகோனைட், மரம் அறுக்குற சத்தத்துல வறட்டு இருமல்னா ஸ்பாஞ்சியா, குமட்டல் வாந்தியோடன்னா இபிகாக், இப்படிப் போகும்.

ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும். குழந்தைங்களோட சளி இருமலுக்கு இந்த மருந்துங்க கேக்குதான்னு 2018ல காக்ரேன் ஆய்வுல (பல மருத்துவ ஆய்வுகள ஒண்ணா சேத்து அலசிப் பாக்கறது) பாத்தாங்க, நம்பற மாதிரி பலன் தெரியல. சாதாரண சளி பெரும்பாலும் வைரஸ், தானாவே சரியாகும், அதனால உருண்டைதான் கேட்டுச்சுன்னு நம்ம குழந்தைய மட்டும் வெச்சு சொல்லிட முடியாது. எனக்கு அங்க நிஜமா கிடைச்சது கவனிக்கற பழக்கம்தான், அதை மூச்சு மேல திருப்புங்க.

பையன் தூங்கறப்போ, இல்ல அழாம அமைதியா இருக்கறப்போ, சட்டைய தூக்கி விட்டு வயிறு ஏறி இறங்கறத முழுசா ஒரு நிமிஷம் எண்ணுங்க, அரை நிமிஷம் எண்ணி ரெண்டால பெருக்க வேணாம். 1 வயசுல இருந்து 5 வயசு வரை 40 இல்ல அதுக்கு மேல இருந்தா வேகமான மூச்சு, 2 மாசத்துல இருந்து 1 வயசுக்குள்ள 50, 2 மாசத்துக்கும் கீழன்னா 60, இது உலக சுகாதார நிறுவனம் வெச்ச கணக்கு. நிமோனியாவா இருக்கலாம், அன்னிக்கே குழந்தை டாக்டர்கிட்ட போயிடுங்க. மூச்சு இழுக்கறப்போ விலா எலும்புக்கு கீழ குழி விழுது, அமைதியா இருக்கறப்பவே மூச்சு உள்ள போகும்போது கொர்ருனு சத்தம் வருது, உதடு நீலமாகுது, தண்ணி பால் எதுவும் குடிக்கல, எழுப்பினாலும் சோர்ந்து கிடக்கறான், இதுல எது ஒண்ணு இருந்தாலும் ஹோமியோபதி டாக்டருக்கு போன் போட்டு அடுத்த உருண்டை என்னன்னு கேட்டுட்டு இருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரி, இல்லன்னா 108. நல்ல ஹோமியோபதி டாக்டரா இருந்தா அவரே அதைத்தான் சொல்லுவாரு.

வீசிங்குக்கு ஏற்கனவே இன்ஹேலர் குடுத்திருந்தா, உருண்டை ஆரம்பிச்சாச்சுன்னு நீங்களா நிறுத்திடாதீங்க. ராத்திரி இருமறப்போ நெஞ்சு தெரியற மாதிரி போன்ல ஒரு சின்ன வீடியோ எடுத்து வைங்க, எந்த டாக்டர்கிட்ட போனாலும் காட்டலாம், ஏன்னா கிளினிக்ல பகல்ல பாத்தா பல குழந்தைங்க ஒண்ணுமே இல்லாத மாதிரி விளையாடிட்டு இருக்கும்.