‘பி.டி. போட்டும் புழு ஏன் சாகல?’ என்று கேட்கும் பெண்ணை என்ன படிக்க வைப்பது?

தை மாதக் கடைசியில், மேற்படிப்பு ஆலோசனை சொல்லும் என்னிடம் பெரம்பலூர் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பா, அம்மா, அரசுப் பள்ளியில் பிளஸ் டூ உயிரியல் படிக்கும் பெண், கூடவே சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கும் சித்தப்பா. நால்வரில் அதிகம் பேசியவர் சித்தப்பா. பெண் வாயே திறக்கவில்லை. தனியார் கல்லூரி ஒன்றில் ஏ.ஐ. பொறியியல், மேனேஜ்மென்ட் கோட்டா. பொதுத்தேர்வு எழுதும் முன்பே பணத்தைக் கட்டி இடத்தைப் பிடித்துவிட வேண்டுமாம். நன்கொடையும் முதல் வருடக் கட்டணமுமாக நாலரை லட்சம், பதினைந்து நாள் கெடு. ஒன்றரை ஏக்கர் காட்டை அடமானம் வைக்கலாமா என்று கேட்கத்தான் அப்பா வந்திருந்தார்.

எல்லோரிடமும் சொல்வதையே அவரிடமும் சொல்லத் தொடங்கினேன். பதறாதீர்கள், மார்க் வரட்டும், வழி நிறைய இருக்கிறது. நடுவில் பெண்ணைப் பார்த்து, "வீட்டுல பொழுது எப்படிம்மா போகுது?" என்றேன். அம்மா முந்திக்கொண்டார். "படிக்கிற நேரம் போக மிச்சமெல்லாம் புழுவோடதான் சார்."

அப்பாவின் மஞ்சள் பையிலிருந்து ஓர் ஊறுகாய் பாட்டில் வெளியே வந்தது. போகிற வழியில் மருந்துக்கடையில் காட்டலாம் என்று எடுத்துவந்தாராம். உள்ளே பிளந்த பருத்திக்காய்கள், ஒவ்வொன்றிலும் ரோஸ் நிறத்தில் சின்னப் புழு. அப்போதுதான் அந்தப் பெண் பேசினாள். கார்த்திகையில் அறுபது காய் பிளந்து பார்த்ததில் ஆறில் புழு இருந்தது. தையில் அதே அறுபதுக்கு இருபத்து மூன்று. நோட்டில் வரிசை வாரியாக எழுதி வைத்திருக்கிறாள். "புழுவைக் கொல்லும்னு சொல்ற பி.டி. பருத்தி விதைதான் சார் போட்டோம். பாக்கெட்லயே எழுதியிருக்கு. அப்புறம் எப்படி இது உயிரோட இருக்கு?"

ஆறுதல் சொல்வதை அதோடு நிறுத்திவிட்டேன். அன்று சித்தப்பாவுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் பேச்சு பாதியில் நின்றது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

அண்ணே, காட்டை அடமானம் வைக்காதீர்கள். உங்கள் பெண் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்று சொன்னீர்கள். அப்படிப் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. பொறியியலே வேண்டுமென்றாலும் கவுன்சிலிங்கில் உட்கார்ந்து வாங்கலாம். பரீட்சைக்கு முன்பே இடத்துக்கு விலை சொல்கிற கல்லூரிக்கு உங்கள் காட்டைக் கொடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. பொறியியல், மருத்துவ வழிகளைப் பற்றி இதற்கு மேல் எழுதப்போவதில்லை. அதைச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது பூச்சியியல். பி.எஸ்சி. வேளாண்மை நான்கு ஆண்டு, அதற்குமேல் எம்.எஸ்சி. வேளாண் பூச்சியியல் இரண்டு ஆண்டு. "விவசாயம் படிச்சுட்டு மறுபடி காட்டுக்கா?" என்று சித்தப்பா கேட்டார். நானும் வேளாண்மை படித்தவன்தான். இந்த வேலைக்கு வரும் முன் இரண்டு வருடம் புழு வளர்க்கும் ஆய்வகம் ஒன்றில் இருந்தேன். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அவள் கேள்விக்கு வருவோம். மண்ணில் இருக்கும் பாசில்லஸ் துரிஞ்சியன்சிஸ் என்ற பாக்டீரியா ஒரு நச்சுப்புரதம் செய்கிறது. அதைச் செய்யும் மரபணுவைப் பருத்திக்குள் வைத்ததுதான் பி.டி. பருத்தி. முட்டையிலிருந்து வந்த இளம்புழு அதைத் தின்கிறது. நம் வயிற்றில் இருப்பது அமிலம், புழுவின் குடல் அதற்கு நேர்மாறாகக் காரத்தன்மை கொண்டது. அந்தக் காரத்தில் புரதம் கரைகிறது, குடலின் நொதிகள் அதை வெட்டிக் கூராக்குகின்றன, அது குடல் சுவரில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட புரதத்தில், பூட்டில் சாவி மாதிரி, போய்ப் பொருந்துகிறது. அப்புறம் சுவரில் ஓட்டை விழுகிறது. சில மணி நேரத்தில் புழு தின்பதை நிறுத்திவிடும், இரண்டு மூன்று நாளில் சாகும். நமக்கும் மாட்டுக்கும் குடலில் அந்தப் பூட்டு இல்லை.

இப்போது, லட்சம் புழுக்களில் ஏதோ ஒன்றுக்குப் பிறவியிலேயே பூட்டு மாறியிருக்கிறது என்று வையுங்கள். சாவி பொருந்தாது. காடு முழுக்க மற்றப் புழுக்கள் செத்து, அது மட்டும் தின்று வளர்ந்து அந்துப்பூச்சியாகிறது. அதற்கு ஜோடியாகக் கிடைப்பதும் அதே மாதிரி தப்பிய இன்னொன்றுதான்.

இதைத் தடுக்கத்தான் விதைப் பாக்கெட்டோடு ஒரு குட்டிப் பாக்கெட் தந்தார்கள். 450 கிராம் பி.டி. விதைக்கு 120 கிராம் சாதா விதை. அதை வயலோரமாக விதைத்தால் அங்கே பிழைக்கும் சாதா அந்துகள் தப்பியவற்றோடு இணைசேரும், பிறக்கும் குஞ்சுகளுக்குச் சாதாப் பூட்டும் வந்துவிடும், அவை மறுபடி பி.டி.யில் சாகும். புகலிடப் பயிர் என்று பெயர். நீங்கள் அந்தக் குட்டிப் பாக்கெட்டை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன், சிரித்தீர்கள். நாடு முழுக்கப் பெரும்பாலும் அதுதான் நடந்தது. புழுவுக்குச் சோறு போட யார் உழுவார்கள்!

இந்தியாவில் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது 2002-இல். 2006-இல் இரண்டு நச்சுகள் கொண்ட ரகம் வந்தது. முதல் நச்சுக்கு, உங்கள் பாட்டிலில் இருக்கிற இளஞ்சிவப்புக் காய்ப்புழு தப்பிவிட்டதாக 2010-இல் குஜராத்திலிருந்து செய்தி வந்தது. அடுத்த ஐந்தாறு வருடத்தில் இரண்டாவதும் போயிற்று. அப்புறம் மகாராஷ்டிரம், தெலங்கானா என்று பரவியது. காய்க்குள் நுழைந்த புழுவுக்கு மருந்து எட்டாது, நுழைந்த ஓட்டையும் மூடிக்கொள்ளும். ஆனாலும் பருத்திக்கு மருந்து அடித்துக்கொண்டே இருந்தார்கள். 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் மருந்தடித்தவர்களில் பலர் அந்த நஞ்சே ஏறி இறந்துபோனார்கள்.

கவனியுங்கள், பருத்தியைத் தின்னும் இன்னொரு புழுவான பச்சைக் காய்ப்புழு அப்படித் தப்பவில்லை. ஏன்? அது துவரை, கொண்டைக்கடலை, தக்காளி என்று எல்லாவற்றையும் தின்னும். ஊரே அதற்குப் புகலிடம். இளஞ்சிவப்புப் புழுவுக்குப் பருத்தியை விட்டால் பெரிதாக வேறு சாப்பாடு இல்லை. மேலும் நாம் போடுவது ஆறு மாதத்துக்கு மேல் காட்டில் நிற்கும் கலப்பின ரகம். தை, மாசி வரை விட்டுவைத்தால் புழு தலைமுறை தலைமுறையாகப் பெருகும். கார்த்திகையில் ஆறு, தையில் இருபத்து மூன்று என்று உங்கள் பெண் நோட்டில் இருப்பது இதுதான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவள் எண்ணியிருக்கிறாள்.

புழுவின் நடத்தையில் இன்னும் நுணுக்கம் உண்டு. பச்சைக் காய்ப்புழுவின் குஞ்சு இலையைக் கடித்துப் பார்த்துவிட்டு, நச்சு குறைவாக இருக்கும் பூவுக்கு நகர்ந்துவிடும். செடிக்கு வயசாக ஆக நச்சும் குறையும். தப்பித்த புழு பி.டி.யைத் தின்று மெதுவாக வளர்ந்து தாமதமாக அந்துப்பூச்சியானால், புகலிடத்து அந்துகள் பறக்கிற நாளில் இது பறக்காது, கணக்கே தப்பிவிடும். இதையெல்லாம் உட்கார்ந்து அளப்பவர்தான் பூச்சியியலாளர்.

அளப்பது எப்படித் தெரியுமா? கொண்டைக்கடலை மாவு, ஈஸ்ட், அகர், வைட்டமின் எல்லாம் சேர்த்து அல்வா மாதிரி காய்ச்சி, அதில் நச்சைப் பல அளவுகளில் கலந்து, குழிகள் உள்ள தட்டில் ஊற்றுவார்கள். ஒரு குழிக்கு ஒரு புழு. பச்சைக் காய்ப்புழுவில் ஒரே குழிக்குள் இரண்டை விட்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். முட்டை பொரித்த அன்றே புழுவை மெல்லிய தூரிகை நுனியில் எடுத்து விட வேண்டும், அழுத்தினால் போச்சு. ஏழாம் நாள் எத்தனை செத்தது, எத்தனை வளராமல் குன்றிக் கிடக்கிறது என்று எண்ணி, பாதிப் புழு சாக எவ்வளவு நச்சு வேண்டும் என்று கணக்கிடுவார்கள். அந்த எண் வருடா வருடம் ஏறினால் புழு தப்ப ஆரம்பித்துவிட்டது என்று பொருள். கையும் கண்ணும் பொறுமையும் வேண்டும். உங்கள் பெண்ணிடம் மூன்றும் இருக்கிறது.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். புழுவுக்குப் பொங்கலும் கிடையாது, ஞாயிறும் கிடையாது. தினமும் பார்க்க வேண்டும். அந்துச் செதில் மூக்கில் ஏறி எனக்கு இரண்டு வருடம் தும்மல் நிற்கவில்லை. அவள் முதல் நாளிலிருந்தே முகக்கவசம் போடட்டும். இருபத்திரண்டு வயதில் சித்தப்பா வாங்கிய சம்பளம் இதில் வராது. விஞ்ஞானி என்ற பதவி வேண்டுமென்றால் பிஎச்.டி.யும் முடிக்க வேண்டும்.

வேலை எங்கே என்பீர்கள். நாக்பூரில் மத்திய பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அதன் மண்டல நிலையம் கோவையிலேயே உண்டு. பெங்களூருவில் பூச்சி வளங்களுக்கென்றே தேசிய நிறுவனம் இருக்கிறது. வேளாண் அறிவியல் நிலையங்கள், விதை கம்பெனிகள், பயிர்ப்பூச்சியின் முட்டையை அழிக்கும் குட்டிக் குளவிகளை வயலில் விடுவதற்கான ஒட்டுண்ணி அட்டை தயாரிக்கும் கூடங்கள், துறைமுகங்களில் வெளிநாட்டுப் பூச்சி உள்ளே வராமல் தடுக்கும் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையங்கள் எல்லாம் இருக்கின்றன. எம்.எஸ்சி. வரை போகாவிட்டாலும் வெறும் பி.எஸ்சி.யோடு டி.என்.பி.எஸ்.சி. வேளாண்மை அலுவலர் தேர்வும் வங்கிகளின் வேளாண் அதிகாரி தேர்வும் எழுதலாம்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. இந்தியாவில் விவசாயிகள் பயிரிட அனுமதி பெற்று வயலுக்கு வந்த மரபணு மாற்றுப் பயிர் பருத்தி ஒன்றுதான். பி.டி. கத்தரிக்காயை 2010-இல் நிறுத்திவைத்தார்கள், பங்களாதேஷில் 2014 முதல் பயிரிடுகிறார்கள். அதனால் மரபணு மாற்றுப் பயிரை மட்டும் நம்பி இதைப் படிக்க வேண்டாம். புழு எல்லாப் பயிரிலும் இருக்கிறது. 2018-இல் வந்த படைப்புழு உங்கள் ஊர் மக்காச்சோளத்தை என்ன செய்தது என்று உங்களுக்கே தெரியும். புவேர்ட்டோ ரிக்கோவில் அதே புழு மரபணு மாற்று மக்காச்சோளத்தையும் தாண்டிவிட்டது.

புழுவை மனிதர் ஜெயித்த இடமும் உண்டு. அமெரிக்காவில் பருத்தியிலிருந்து இளஞ்சிவப்புக் காய்ப்புழுவை ஒழித்துவிட்டதாக 2018-இல் அந்நாட்டு வேளாண்துறை அறிவித்தது. பி.டி. பருத்தியோடு, மலடாக்கிய அந்துப்பூச்சிகளைக் கோடி கோடியாக வளர்த்து விமானத்திலிருந்து வயல்மேல் விட்டார்கள். வயல் பொறியில் விழுவது தாங்கள் விட்டதா, காட்டில் பிறந்ததா என்று தெரிய, புழுவாக இருக்கும்போதே சாப்பாட்டில் சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அந்துப்பூச்சியை நசுக்கினால் உள்ளே சிவப்பாக இருக்கும். இதைச் சொன்னபோதுதான் உங்கள் பெண் முதல்முறையாகச் சிரித்தாள். பார்த்தீர்கள்தானே?

இரண்டு விஷயத்தில் நான் கறார். வேளாண்மை என்றாலும் நன்கொடை கேட்கும் கல்லூரி வேண்டாம். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் சொந்தக் கல்லூரிகளில் கவுன்சிலிங் மூலம் முயலுங்கள். தனியார் கல்லூரிதான் கிடைத்தால், ஐ.சி.ஏ.ஆர். என்ற இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள். அடுத்தது, முடிவு அவளுடையது. நாளைக்கே அவள் புழு வேண்டாம், கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்றால் அதையும் நான் ஆதரிப்பேன், கவுன்சிலிங்கில் கிடைக்கும் இடத்தில். அன்று அரை மணி நேரத்தில் அவளிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. தம்பியிடம் சொல்லுங்கள், அவர் அக்கறையைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவருக்கு ஐ.டி. பிடித்தது, படித்தார். இவளுக்குப் பிடித்தது பாட்டிலில் இருக்கிறது.

பரீட்சை முடிந்ததும் ஒருநாள் கோவைக்குக் கூட்டிப்போங்கள். வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சி அருங்காட்சியகம் இருக்கிறது, அவளை அங்கே இஷ்டத்துக்குச் சுற்ற விடுங்கள். தை முடிந்தும் பருத்தியை நிற்கவிடாமல் செடித்தண்டுகளை வெட்டி அப்புறப்படுத்துங்கள், அடுத்த போகத்துக்கு நல்லது. அப்புறம், அந்தப் பாட்டில் மூடியில் ஆணியால் போட்டிருக்கும் ஓட்டை பெரிது. மூடியை எடுத்துவிட்டு மெல்லிய துணி கட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்து வெளியே போய்விடும், நோட்டில் எண்ணிக்கை குறையும், யார் திறந்தது என்று உங்களிடம்தான் சண்டைக்கு வருவாள்.