பழுது பார்க்கும் முன் ஒரு படம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மாடி அறையில் எச்ஓ ஸ்கேல் மாடல் ரயில் லேஅவுட் ஒன்று வைத்திருக்கிறேன். ரயில்கள் நன்றாக ஓடுகின்றன. ஆனால் ஸ்டேஷன், குட்ஸ் ஷெட், சிக்னல் கேபின் எல்லாம் பல வருடங்களுக்கு முன் செய்தவை. நிறம் மங்கிவிட்டது, கூரை ஓரங்கள் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. எப்படிப் படம் எடுத்தாலும் பொம்மை மாதிரிதான் இருக்கிறது. எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டுப் புதிதாகச் செய்வதா, நல்ல கேமரா வாங்குவதா? தூசி படிந்திருப்பது பழைய தோற்றம் தருகிறது, துடைக்காதே என்கிறார் நண்பர் ஒருவர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

க.

அன்புள்ள க.,

இரண்டும் வேண்டாம். கையில் இருக்கும் போனில் ஒவ்வொரு கட்டடத்தையும் முதலில் படம் எடுங்கள். பிரஷ்ஷைத் தொடுவது அதற்குப் பிறகு. தினமும் பார்க்கும் கண்ணுக்குக் குறைகள் பழகிப்போயிருக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அவை ஒவ்வொன்றாக வெளியே வரும். எதைச் சரிசெய்ய வேண்டும் என்ற பட்டியலை அந்தப் படமே தந்துவிடும்.

எந்த உயரத்திலிருந்து எடுக்கிறீர்கள் என்பது முக்கியம். எச்ஓ என்றால் 1:87, அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு அளவு. பிளாட்பாரத்தில் நிற்கும் ஆளின் கண், அவர் காலடியிலிருந்து சுமார் 18 மி.மீ. உயரத்தில் இருக்கும். நாம் நின்றபடி எடுப்பது ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த படம் போல, கூரையை மட்டும்தான் காட்டும். போனைத் தலைகீழாகத் திருப்பி, லென்ஸ் உள்ள முனை தரையை ஒட்டி இருக்கும்படி வைத்து எடுத்துப் பாருங்கள். ஸ்டேஷன் சட்டென்று உயர்ந்து நிற்கும்.

அப்போது சுவரின் அடியில் ஒரு கறுப்புக் கோடும் தெரியும். கட்டடம் தரையில் ஊன்றாமல் பலகைமேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்பதைக் காட்டும் இடைவெளி அது. பொம்மைத் தோற்றத்துக்கு மங்கிய நிறத்தைவிட இதுவே பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம். சலித்த நைஸ் மண்ணைச் சுவரோரம் தூவி, நீர் கலந்த வெள்ளைப் பசையைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பசையில் ஒரு சொட்டு சோப்புத் திரவம் கலந்தால் மண்ணில் இறங்கிப் பரவும். ஓரிரு புல் கொத்துகளையும் அங்கே வைத்தால் கட்டடம் தரையோடு சேர்ந்துவிடும்.

தூசி விஷயத்தில் உங்கள் நண்பரோடு நான் உடன்படவில்லை. மழையும் புகையும் உண்டாக்கும் அழுக்கு ஜன்னல் விளிம்பிலிருந்தும் கூரை நுனியிலிருந்தும் கீழ்நோக்கி வழியும். வீட்டுத் தூசி எல்லாக் கிடைமட்டப் பரப்பிலும் ஒரே சீராகப் படியும். அளவும் பொருந்தாது: ஒரு தலைமுடியை 87 மடங்கு பெருக்கினால் கயிற்றுத் தடிமன் வரும், கூரையில் கயிறு கிடப்பது படத்தில் அப்படியே விழும். மென்மையான மேக்கப் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். வாக்குவம் கிளீனர் என்றால் அதன் வாயில் மெல்லிய நைலான் துணி கட்டுங்கள். பிய்ந்து வரும் சின்னச் சின்ன பாகங்கள் துணியிலேயே தங்கும்.

மங்கிய நிறத்தை நான் தொடமாட்டேன். டப்பாவில் இருக்கும் அடர்த்தியான நிறம் அத்தனை சிறிய சுவரில் கனமாகத் தெரியும்; வெளுத்ததே அழகு. பளபளப்பைத்தான் போக்க வேண்டும். கறுப்பு மையில் சில சொட்டுகளை ஆல்கஹாலில் கலந்து பூசினால் செங்கல் இடுக்குகளில் இறங்கும். நன்றாகக் காய்ந்த பிறகு மேட் வார்னிஷ், அதாவது பளபளப்பில்லாத வார்னிஷ். இந்த வரிசையை மாற்றாதீர்கள்: சில மேட் வார்னிஷ்களின் மேல் ஆல்கஹால் பட்டால் வெள்ளையாகப் பூத்துவிடும். ஜன்னல் கண்ணாடிகளை சூப்பர் க்ளூவால் ஒட்ட வேண்டாம், அதன் ஆவி பிளாஸ்டிக்கில் புகைபோலப் படியும். வெள்ளைப் பசை போதும். கூரை ஓரங்களுக்கும் புதுப் பசையும் ஓர் இரவு முழுக்கக் கிளிப் அழுத்தமும் கொடுத்தால் சரியாகிவிடும்.

இனி வெளிச்சம். சூரியன் ஒன்றுதான், நிழலும் ஒன்றாகத்தான் விழ வேண்டும். அறை விளக்குகளை அணைத்துவிட்டு ஒரே விளக்கை எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். பின்னால் இருக்கும் வானத் திரையில் கட்டடத்தின் நிழல் விழுந்தால் எல்லாம் கெட்டது. கேமரா வாங்கினாலும் இந்த வேலை இருக்கத்தான் செய்யும். இன்னொன்று: பெரிய சென்சார் கேமராவில் இவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆழம், அதாவது முன்னும் பின்னும் தெளிவாக விழும் தூரம், மிகக் குறைவு. அதைக் கூட்ட லென்ஸ் துவாரத்தை எஃப்/22 வரை சுருக்கினால் படம் மொத்தமாக மென்மையாகிவிடும். ஃபோகஸை நகர்த்திப் பல படங்கள் எடுத்து மென்பொருளில் இணைக்க வேண்டிவரும். போனின் சிறிய சென்சார் இங்கே உங்களுக்குச் சாதகம்.

இந்தப் படங்களை நான் இவ்வளவு முக்கியமாக நினைப்பதற்கு ஜான் ஆலனும் ஒரு காரணம். கலிபோர்னியாவின் மான்டெரேயில் எச்ஓ அளவில் ஒரு மலைநாட்டையே உருவாக்கியவர், தொழிலால் புகைப்படக்காரர். கட்டடங்களுக்கு வயதேற்றிக் காட்டுவதில் முன்னோடி. 1973-இல் அவர் இறந்த சில நாட்களிலேயே லேஅவுட் தீயில் போய்விட்டது. அதை இன்று நாம் அறிவது பெரும்பாலும் அவர் எடுத்த படங்களால்தான்.

குட்ஸ் ஷெட்டில் தொடங்குங்கள். ஸ்டேஷனைவிட அதில் ஜன்னல்கள் குறைவாக இருக்கும், நீண்ட சுவரில் கையும் பழகும். முடிந்ததும் முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படங்களையும் எனக்கு அனுப்புங்கள். பார்க்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்